யார் கை முழம்

"எட்டவில்லை. எண்ணவில்லை." 1933 ஒக்டோபர் என்று தலைப்பிட்ட என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. நாளைக் குறிக்கத் தவறிவிட்டேன். சனிக்கிழமை என்பது மட்டும் நிச்சயம், ஏனெனில் துரை சனிக்கிழமைகளில்தான் ஆட்டம் பார்க்க வருவார்.

அப்போது கண்டியில் கூடைப்பந்து தெரிந்தவர்கள் கொஞ்சம். குளத்துக்கு மேலே இருந்த ஒரு சங்கத்தின் சரளை முற்றத்தில் இரண்டு கம்பம் நட்டு விளையாடினோம். துரை ஒரு தேயிலைக் களஞ்சியத்தின் வெள்ளைக்கார மனேஜர். சங்கத்தின் விளையாட்டுக் குழுவிலும் இருந்தார். களஞ்சியத்தில் ஒரு கிளாக்கர் வேலை காலியாக, நானும் என் கூட்டாளியும் மனுப்போட்டோம். கூட்டாளி கலகெதரக்காரன், அவனுடைய வாப்பாவின் கடை அந்த வருடம்தான் மூடப்பட்டது. இரண்டு மனுவையும் வைத்துக்கொண்டு துரை சொன்னது: "சனிக்கிழமை ஆடுங்கள். ஆட்டத்தில் ஆளைப் பார்த்துவிடுவேன்."

எனக்கு அந்த வேலை ஏன் வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். தேயிலை விலை விழுந்து, ஹுன்னஸ்கிரியப் பக்கத்தில் என் பெற்றோர் இருந்த தோட்டத்தில் பாதிப்பேரை நிறுத்திவிட்டார்கள். இந்தியாவுக்குத் திரும்புகிறவர்களுக்கு இலவசப் பயணம் என்று அறிவித்தார்கள். அப்பா தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து நடந்தே வந்து என்னிடம் சொன்னார்: "பேரு குடுத்துட்டேன்பா. ஒனக்கு டவுன்ல ஒரு வேல கெடைச்சா பேர வெட்டச் சொல்லலாம். இல்லாட்டி மாசக் கடைசியில போறோம்." அம்மா பிறந்ததே இந்த மலையில். அக்கரையில் அவருக்கு ஒருவரையும் தெரியாது.

மற்றது என் வலது கை. சிறுவயதில் தோட்டத்துச் சரிவில் விழுந்து முழங்கை உடைந்தது. கட்டியவர் கோணலாகக் கட்டிவிட்டார். எழுதலாம், பந்து எறியலாம், முழுதாக நீட்ட முடியாது. களஞ்சியத்தில் கிளாக்கரும் தேயிலைப் பெட்டி தூக்க வேண்டும் என்பதால் துரையிடம் இதைச் சொல்லவில்லை. கூட்டாளிக்கு மட்டும் தெரியும்.

நடுவர் யாழ்ப்பாணத்தவர், ஒரு பள்ளிக்கூடத்தில் தேகப்பயிற்சி ஆசிரியர். பந்தை வைத்திருப்பவனை எதிராளி நெருங்கி மறித்து நிற்கும்போது, அவன் பந்தை விடாமல் ஐந்து விநாடி பிடித்திருந்தால், நடுவர் ஊதி இருவருக்கும் நடுவே பந்தை மேலே போட வேண்டும். விதி அப்படி. நெருக்கம் என்றால் எவ்வளவு? ஆட்டத்துக்கு முன் யாரோ அதைக் கேட்டார்கள்.

"விதியில 'கிட்ட' எண்டு மட்டும்தான் கிடக்கு. எத்தனை அடி எண்டு எழுதேல்லை" என்றார். "எழுதினவன் உங்களைக் காணேல்லை. நான் 'நீட்டு' எண்டு சொல்லுவன். மறிக்கிறவர் கையை நீட்ட வேணும். பந்து எட்டினால் கிட்ட. எட்டாட்டித் தூர. அதுக்குப் பிறகுதான் எண்ணுவன்."

வேலியோரம் நின்ற ஒருவர் கத்தினார்: "என்ன மாஸ்டர், கோயில் வாசல்ல பூவுக்கு மொழம் போடுறீங்களா? யாரு கை மொழம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆட்டம் முழுவதும் "நீட்டு" என்ற போதெல்லாம் இடது கையை நீட்டிச் சமாளித்தேன். கடைசி நிமிடங்களில், எதிரணியில் ஆடிய கூட்டாளியின் பக்கம் ஒரு புள்ளி முன்னால். பந்து அவன் கையில். நேரத்தைக் கரைக்க அதை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். ஐந்து எண்ணிவிட்டால் பந்து எங்கள் இருவருக்கும் நடுவே எழும்பும். நான் அவனைவிட உயரம்.

"சேர், எண்ணுங்க சேர்!" என்றேன்.

"எட்டல்ல சேர்!" என்றான் அவன். "நீட்டச் சொல்லிப் பாருங்கொ!"

"நீட்டு!" என்றார் நடுவர்.

இடது கையை நீட்டினேன். அவன் ஒரு காலை ஊன்றித் திரும்பி, பந்தை என் வலப்பக்கம் கொண்டுபோனான். நான் நகர்ந்தேன். அவனும் திரும்பினான். பந்து மறுபடி என் வலது கைக்கு நேரே.

"நீட்டும் தம்பி! மற்றக் கை என்னத்துக்கு?" என்றார் நடுவர்.

நீட்டினேன். வராண்டாவில் துரை கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது தெரியும். அந்தப் பக்கம் பார்க்கும் தைரியம் இல்லை. முழங்கை வழக்கமான இடத்தில் நின்றுவிட்டது. விரலுக்கும் பந்துக்கும் நடுவே ஒரு சாண். நல்ல கையாக இருந்தால் அதே இடத்தில் நின்றே தொட்டிருப்பேன்.

"எட்டேல்லை. விளையாடுங்கோ."

அந்தச் சாணைக் கடக்க முன்னால் பாய்ந்தேன். என் நெஞ்சு அவன் தோளில் இடித்தது. விசில். தவறு என்னுடையது. அவனுக்கு ஒரு தனி எறி. அது உள்ளே விழுந்தது. அந்தக் காலத்து விதிப்படி மறுபடி பந்தை நடுவில் மேலே போட்டார்கள், அதற்குப்பின் எங்களுக்குப் பந்தே கிடைக்கவில்லை.

நடுவர் மீது எனக்குக் கோபம் இல்லை. பின்னாளில் கிடைத்த விதிநூல்களையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். அந்தக் காலத்துப் பதிப்பில் அளவு ஏதும் இல்லை. அவர் தமக்கென ஒரு அளவு வைத்திருந்தார், எல்லோருக்கும் அதையே வைத்தார். அது ஆளுக்கு ஆள் மாறும் அளவு என்பதை வேலியோரத்து மனிதர்தான் முன்கூட்டியே சொன்னார்.

திங்கட்கிழமை வேலை கூட்டாளிக்குப் போயிற்று. மாதக் கடைசியில் கண்டி ஸ்டேஷனில் என் பெற்றோரை, இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்கு ரயிலேற்றினேன். அம்மா சன்னல் வழியாக என் வலது கையைப் பிடித்துக்கொண்டு, ரயில் நகரும்வரை விடவில்லை.

கூட்டாளியும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். ரயில் போனபின் சொன்னான்: "மச்சான், அல்லாஹ் மேல ஆணையா, துரை ஒன்ட கையப் பாக்கல்ல. அந்நேரம் மழ வருதா எண்டு மலப்பக்கம் பாத்துக்கொண்டு ஈந்தார்."

"அப்ப நீ ஏன்டா பந்த அந்தப் பக்கமே கொண்டுபோன?"

"வேற எந்தப் பக்கம் கொண்டுபோற?" என்றான்.

துரை அடுத்த வருடமே சீமைக்குத் திரும்பிவிட்டார். அன்று வராண்டாவில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் யாரென்று விசாரித்தும் ஒருவரும் அகப்படவில்லை. அந்த நேரத்தில் அவர் மலையைப் பார்த்தாரா, என் கையைப் பார்த்தாரா என்பதற்குக் கூட்டாளியின் வாய்ச்சொல்லைத் தவிர ஆதாரம் இல்லை. இது சரிபார்க்கப்படாத தகவல்.