அலமாரிக்குள் ஓர் அயர்லாந்துக்காரர்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய அயர்லாந்து இன்ஜினியர் ஒருவர், சிவகங்கைப் பக்கமிருந்து வந்த டிரெய்னியைப் போல, ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடப் போகிறார் என்று நான் நம்பினேன். சும்மா ஒரு சந்தேகம் என்று நினைக்க வேண்டாம். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். ஆதாரம், காரில் அவர் பாடிய ஒரு பாட்டு.

சிரியுங்கள். ஆனால் என் பிழைப்பு என்னவென்று தெரிந்துகொண்டு சிரியுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் பெர்சனல் டிபார்ட்மென்ட் அதிகாரி. அதிகாரி என்பது கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்வதற்கு. உள்ளே என் வேலை, சேர்ந்தவர்கள் ஓடாமல் பார்த்துக்கொள்வது. தெற்கேயிருந்து ஐடிஐ முடித்துவிட்டு வருவார்கள்; ஒரே அறையில் எட்டுப் பேர் படுப்பார்கள்; மூன்றாவது வாரம் ஒருவன் ஷிஃப்டுக்கு வரமாட்டான். லைனில் ஓர் இடம் காலியாக நிற்கும். சூப்பர்வைசர் என் மேஜைக்கு முன்னால் வந்து குதிப்பார்.

ஓடப்போகிறவனை மோப்பம் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு இருந்தது. தினமும் எஸ்டிடி பூத்துக்குப் போவான். பக்கெட்டையோ கொசுவலையையோ அறைக்காரனிடம் கொடுத்துவிட்டு "நீயே வெச்சுக்கோடா" என்பான். அப்புறம் பாடுவான். சினிமாப் பாட்டெல்லாம் இல்லை. அவன் ஊரில் பாடுகிற ஏதோ ஒன்று, வாய்க்குள்ளேயே. இந்த மூன்றும் ஒருவனிடம் கூடிவிட்டால் அவன் கால் பாதி பஸ்ஸில் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்தும் கைவசம் வைத்திருந்தேன். வேலைக்குச் சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைச் சரிபார்க்க வேண்டும் என்று வாங்கி, என் இரும்பு அலமாரியில் பூட்டிவிடுவேன். சரிபார்ப்பு மட்டும் ஒருநாளும் முடியாது.

அந்த அயர்லாந்துக்காரர் ஒரு பெரிய இயந்திரத்தை நிறுவ வந்தவர். கப்பலில் பதினோரு மரப்பெட்டிகளாக வந்து இறங்கிய அதைக் கோத்து, ஓட்டிக் காட்டி, ஒப்புதல் கையெழுத்துப் போட்டால்தான் புது லைன் தொடங்கும். அவரைத் தவிர யாருக்கும் அதன் தலை எது வால் எது என்று தெரியாது. பிளான்ட் ஹெட் என்னைக் கூப்பிட்டார்.

"யோவ், மெஷின் ஓடுற வரைக்கும் அந்த ஆளு உன் பொறுப்பு. அவருக்கு வயித்து வலின்னாகூட நீதான் பதில் சொல்லணும். அவர் பாதியில கிளம்பினா, பின்னாடியே நீயும் கிளம்ப வேண்டியதுதான்."

கடைசி வாக்கியத்தை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலையும் மாலையும் அவருடன் ஹோட்டலுக்கும் ஆலைக்கும் கம்பெனியின் குவாலிஸ் காரில் போய்வருவேன். ஓட்டியவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர், நிலத்தை விற்றுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். வண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறிச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் வரும்போது பின்சீட்டில் பாட்டு தொடங்கும். மெல்லிய, இழுத்த குரல். கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு கையும் முன்சீட்டின் முதுகைப் பற்றியிருக்கும். பூந்தமல்லி வரும்போது பாட்டு முடிந்திருக்கும்.

"இன்னா சார் இது, ஒப்பாரி மாதிரி கீது. யாரு சார் பூட்டாங்க அவுருக்கு?" என்று ஒரு நாள் டிரைவர் கேட்டார்.

நானும் இரண்டு மாதம் அதை வெறும் சத்தமாகத்தான் கேட்டிருந்தேன். டிரைவர் கேட்ட பிறகுதான் காதைக் கொடுத்தேன். 'அம்மா, அடுப்புத் தணலை மூடி வை, விடிந்தால் படகு, இனி இந்தக் கரையில் என் கால் படாது' என்பதுபோலப் போனது. இது என்ன பாட்டு என்று கேட்டேன். ஊரைவிட்டுப் போகிறவன் பாடுவது, மிகப் பழையது, எங்கே பிறந்தது என்று எங்கள் ஊரில் இன்னும் சண்டை நடக்கிறது என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. எத்தனை டிரெய்னிகளிடம் பார்த்திருக்கிறேன்!

அதன் பிறகு நான் கண்டதெல்லாம் அடையாளமாகவே தெரிந்தது. தினமும் மாலை ஆபீஸ் போனில் அயர்லாந்துக்குப் பேசினார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். தன் கெட்டிலை டிரைவரிடம் கொடுத்தார். குடையை கேட் செக்யூரிட்டியிடம் கொடுத்தார். குடை கைமாறிய அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன், பொருள், பாட்டு. மூன்றும் கூடிவிட்டன.

ஃபைலுக்கு நகல் எடுக்க வேண்டும் என்று அவருடைய பாஸ்போர்ட்டைச் சனிக்கிழமைதான் வாங்கியிருந்தேன். திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு வந்து அதைக் கேட்டார். இந்த வாரமே வேண்டும், அவசரம் என்றார். அதற்கு மேலும் ஏதோ விளக்கினார். அவசரம் என்ற சொல்லுக்குப் பின்னால் வந்த எதையும் நான் கேட்கவில்லை. என் தலைக்குள் ஒரு விமானம் கிளம்பிவிட்டிருந்தது. அதன் ஜன்னலோரத்தில் அவர், அதன் வாலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நான்.

"போலீஸ் பதிவுக்குப் போயிருக்கிறது சார். வியாழக்கிழமைக்குள் வந்துவிடும்" என்று என் வாய் சொன்னது.

அவர் போனதும் பாஸ்போர்ட்டை அலமாரியில் வைத்தேன். ராமநாதபுரம் பையன் ஒருவனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கும் விருதுநகர் பையன் ஒருவனின் டிசிக்கும் நடுவில். பூட்டிய பிறகு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

அன்று மாலை குன்றத்தூரில் என் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஏறினேன். பாட்டின் ஊர்க்கதை தெரிந்துவிட்டால் மனுஷனின் உத்தேசமும் தெரிந்துவிடும் என்பது என் கணக்கு. அவர் பாடியதில் பிடிபட்ட நான்கு வரிகளைக் கேட் பாஸின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். கடையை நடத்திய அம்மா என் ஒற்றை விரல் தட்டச்சைப் பொறுக்க முடியாமல் தானே தட்டிக்கொடுத்தார்.

"இன்னாண்ணா இது, கிறிஸ்டின் பாட்டா?"

"இல்லம்மா. கப்பல் பாட்டு."

"கப்பல் வேலைக்குப் போறீங்களா? இந்த வயசுலயா?"

பக்கம் திறக்க ஒரு யுகம் ஆனது. முதல் பக்கத்தில் இருந்ததைப் படித்தபோது நாற்காலியில் நுனிக்கு வந்துவிட்டேன். அந்த நாட்டின் மேற்குக் கரையில், ஒருவன் அமெரிக்காவுக்குக் கப்பலேறப்போகிறான் என்றால் முந்தின நாள் அவன் வீட்டில் ஊரே கூடுமாம். சாவு வீட்டில் கூடுவதுபோலவேதான். தின்பார்கள், குடிப்பார்கள், ஆடுவார்கள். நடுநடுவே பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். பிணமாகக் கிடக்க வேண்டியவன் எழுந்து நின்று எல்லோருக்கும் கைகொடுப்பான். போனவன் திரும்பமாட்டான் என்பதால் உயிரோடு இருக்கும்போதே துக்கத்தை முடித்துவிடுகிறார்கள். இந்தப் பாட்டு அந்தக் கூட்டத்தில் பாடுவது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அப்படியானால் இரண்டு மாதமாக எங்கள் குவாலிஸில் தினமும் ஒரு துக்க வீடு நடந்திருக்கிறது. நான் முன்சீட்டில் உட்கார்ந்து தாளம் போட்டிருக்கிறேன்.

இரண்டாவது பக்கம் அதை மறுத்தது. பாட்டு கரையில் பிறக்கவில்லை, கப்பலுக்குள் பிறந்தது என்றது. மூன்றாவதாக ஒரு நீண்ட கட்டுரை வந்தது. "டைம் ஆச்சுண்ணா, கரென்ட் வேற போயிப் போயி வருது" என்று அந்த அம்மா அவசரப்படுத்த, அதை அச்செடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். எனக்கு வேண்டியது முதல் பக்கத்திலேயே கிடைத்துவிட்டதே. மீதியை எதற்குப் படிக்க வேண்டும்?

செவ்வாய்க்கிழமை அவர் பாஸ்போர்ட்டைக் கேட்டார். புதன்கிழமை இரண்டு தடவை கேட்டார். இரண்டாவது தடவை காது மடல்கள் சிவந்திருந்தன. நான் போலீஸ் இலாகாவின் மீது பழிபோட்டுக்கொண்டே இருந்தேன். அவர் பெட்டியோடு வெளியே போனால் உடனே எனக்குச் சொல்ல வேண்டும் என்று செக்யூரிட்டியிடம் ஏற்பாடு செய்திருந்தேன். கழிவறைக்குப் போனால்கூட வாசலில் நின்று, கைகழுவ வந்தவனைப்போல நடித்தேன். என் கை அந்த வாரம் இருந்த அளவுக்குச் சுத்தமாக எப்போதும் இருந்ததில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது. செக்யூரிட்டி.

"சார், ஃபாரின்காரரு இப்பதான் போறாரு. ரெண்டு பெட்டி. குவாலிஸ்ல."

"நிறுத்தலையாய்யா?"

"நீங்க சொல்லத்தான் சொன்னீங்க சார். நிறுத்த சொல்லலியே."

பாஸ்போர்ட் இல்லாமல் விமானம் ஏற முடியாது என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தொலைந்துவிட்டது என்று தூதரகத்தில் சொல்லி மாற்றுக் காகிதம் வாங்கிவிட்டார் என்று நானே ஒரு கதை கட்டி, அதை நானே நம்பி, ஸ்கூட்டரை உதைத்தேன். மூன்றாவது உதையில் உயிர் வந்தது. மீனம்பாக்கம் வரை வெயில், கன்டெய்னர் லாரி, புழுதி. வழியெல்லாம் பிளான்ட் ஹெட்டிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன். 'சார், அவர் போயிட்டார்' என்பதை எந்தக் குரலில் சொன்னாலும் சாவுச் செய்தியாகவே இருந்தது.

விமான நிலைய வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். சிவந்த கழுத்து தெரியும்போதெல்லாம் ஓடிப்போய் முகத்தைப் பார்த்தேன். ஒரு ஜெர்மன்காரர் தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு விலகிப் போனார்.

எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குத் திரும்பினேன். குன்றத்தூரில் என் தெருவுக்கு அடுத்த தெருவில் எங்கள் குவாலிஸ் நின்றது. டிரைவர் பானெட்டின்மேல் பொட்டலத்தைப் பிரித்து வைத்து வடை தின்றுகொண்டிருந்தார்.

"இன்னா சார், மூஞ்சி இப்டி கருகிக் கீது? எங்க போய்ட்டு வர்ரீங்க?"

"அவர் எங்கய்யா?"

"மேல. வூடு பாத்துக் குடுன்னு ஒரு மாசமா கேட்டுக்கினு இருந்தாரு. நம்ம மச்சான் வூடுதான், மாடி காலியா கீது. ஓட்டல் சோறு ஒத்துக்கலையாம்."

"எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"நீங்க எங்க சார் கேட்டீங்க? நாலு நாளா அவுரு முதுவதானே பாத்துக்கினு கீறீங்க."

மாடியில் அவர் சட்டைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. இயந்திரத்துக்கு இன்னும் இரண்டு மாத வேலை பாக்கி என்றும், அதற்கான கடிதத்தைத் தன் தலைமையகத்திலிருந்து போராடி வாங்கிவிட்டதாகவும் சொன்னார். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு போனில் கத்தியது அதற்குத்தான். புது வீட்டில் பாத்திரம் இருப்பதால் கெட்டிலைக் கொடுத்துவிட்டார். குடையை எதற்குக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

"அப்படியானால் அந்தப் பாட்டு?"

அவர் கீழே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். டிரைவர் நெடுஞ்சாலையில் லாரிகளை முந்துவதைப் பார்க்கத் தனக்குத் தைரியம் இல்லையாம். கண்ணை மூடிக்கொண்டு முழுதாகப் பாடத் தெரிந்த ஒரே பாட்டைப் பாடினால் பூந்தமல்லி வந்துவிடுகிறதாம். பள்ளிக்கூடத்தில் கற்றதாம். அவர் குடும்பத்தில் யாரும் கப்பலேறியதில்லை. அப்பா செருப்புக்கடையை விட்டு அடுத்த ஊருக்குக்கூடப் போனதில்லை.

பையில் மடித்து வைத்திருந்த அச்சுத்தாளை அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பாட்டின் மெட்டு பழைய மாட்டுச்சந்தைப் பாட்டினுடையது என்றும், சொற்களை அமெரிக்காவில் பாட்டுத்தாள் விற்ற ஒருவர் கட்டியிருக்கலாம் என்றும், அவர் கடலைத் தாண்டியதற்கே சான்று இல்லை என்றும் அந்தக் கட்டுரை சொன்னது. எங்கள் ஊரில் மட்டும் இதைச் சொல்லிவிடாதே, பல்லை உடைத்துவிடுவார்கள் என்றார்.

பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டார். விசா நாளையோடு முடிகிறது, நீட்டிப்புக்கு மனுக் கொடுக்க வேண்டும், பாஸ்போர்ட் வந்துவிட்டதல்லவா?

பாஸ்போர்ட்டைச் சனிக்கிழமையிலிருந்து வைத்திருந்தும் விசாப் பக்கத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"போலீசில் இல்லை சார். என் அலமாரியில் இருக்கிறது."

"ஏன்?"

"நீங்கள் ஓடிவிடுவீர்கள் என்று நினைத்தேன்."

அவர் கையிலிருந்த ஈரச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அலமாரியில் வேறு யாருடையதெல்லாம் இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அவர் சட்டையைக் கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்தார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே ஆபீஸைத் திறக்கச் சொல்லிப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, பத்து மணிக்குள் இருவரும் சென்னையில் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் கவுண்டர் முன்னால் நின்றோம். மனுவை முன்னதாகவே கொடுத்திருக்க வேண்டும், கடைசி நாளில் வாங்க முடியாது, நாட்டைவிட்டு வெளியே போய்ப் புது விசா வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்றார்கள். நான் கெஞ்சினேன். அவர் கெஞ்சவில்லை.

அன்று இரவு விமானத்திலேயே அவர் கிளம்பிப் போனார். புது விசா கிடைத்துத் திரும்ப ஏழு வாரம் ஆனது. அதுவரை லைன் ஓடவில்லை.