நீலக்கூரை வீடு

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்காக அம்மா போனில் பார்த்துப் பார்த்து வரவழைத்தது மூன்று பீங்கான் வீடுகள். மெழுகுவர்த்தியை ஏற்றி அதன்மேல் வீட்டைக் கவிழ்க்க வேண்டும். சன்னல்களில் மஞ்சள் கண்ணாடி. காற்றுக்குப் புகைபோக்கி மட்டும்தான். பென்னாகரத்தில் யார் வீட்டிலும் புகைபோக்கி கிடையாது என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

மாலை ஜெபத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டை ஏற்றுவோம். சிவப்புக்கூரை நாங்கள், பச்சை சித்தப்பா, நீலம் கம்பைநல்லூரில் அத்தையின் புகுந்த வீடு. அத்தை அப்போது கோபித்துக்கொண்டு எங்களோடு இருந்தாள். பண்டிகை முடிந்ததும் கொண்டுவந்து விடுவதாக அப்பா அவள் கணவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அத்தை ஏதோ சொல்லவந்தபோது, "குடும்பம்னா அப்படித்தான் இருக்கும்" என்று அடக்கிவிட்டார்.

அத்தை மாவு பிசைந்து கல்கல் பலகாரம் செய்த அன்று மாலை தொடங்கியது அது. ஆமென் சொல்லுமுன் நீல வீட்டின் சன்னல் மெல்லச் சிவந்து, இருண்டுபோனது.

"காத்தா இருக்குங்க" என்றாள் அம்மா. கதவு சாத்தியிருந்தது.

மறுநாளும் அப்படியே. அப்பா மெழுகுவர்த்தியை மாற்றிப் பார்த்தார், அதுவும் அணைந்தது. மற்ற இரண்டு வீடுகளும் அசையாமல் எரிந்தன. இருண்ட சன்னலுக்குள் யாரோ நின்று எங்களைப் பார்ப்பதாகவே நம்பினேன். தண்ணீர் குடிக்கக்கூட அந்த அறையைத் தாண்டமாட்டேன். அத்தை மட்டும் பயப்படவில்லை. ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, அணையும்வரை கண்கொட்டாமல் பார்த்திருப்பாள். அடுப்படியிலும் அந்த ஸ்வெட்டரைக் கழற்றியதில்லை.

சகுனம் பார்ப்பது பாவம் என்று ஊருக்கே சொல்லும் அப்பா, கிறிஸ்துமஸ் அன்றும் அணைந்ததும் வெலவெலத்துப்போனார். "எந்தங்கச்சிய அந்த வூட்டுக்கு அனுப்ப மாட்டேன். இங்கயே இருக்கட்டும்."

அத்தை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிரிப்பது போலவும் இருந்தது.

ஜனவரியில் வீடுகளைத் துடைத்துப் பெட்டியில் வைக்கும் வேலை எனக்கு வந்தது. நீல வீட்டைக் கடைசியாகத் திருப்பினேன். புகைபோக்கியின் அடியில் கல்லாக இறுகிய மாவு. அதில் சீப்பு வரிகள். எங்கள் வீட்டில் கல்கலுக்குச் சீப்பால் வரி போடுவது அத்தை ஒருத்திதான். நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. மாவைத் தட்டி எடுத்துவிட்டு ஏற்றினேன், அழகாக எரிந்தது.

பேய் போன சந்தோஷத்தில், "அத்தே, எரியுது பாருங்க!" என்று கத்தினேன்.

அத்தை ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "ஊதிடு கண்ணு, அப்பா வந்துருவாரு."

ஸ்வெட்டர் கை மேலேறியிருந்தது. மணிக்கட்டுக்கு மேல் வரிசையாக, சிறிய வட்டத் தழும்புகள்.

நான் ஊதினேன். மெழுகு சிந்தினால் அப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும். இனிமேல் மெழுகுவர்த்திப் பக்கமே போகாதீங்க என்று அத்தைக்குப் புத்தி சொன்னேன்.