சில இடங்களில் லேசான பனி

யாஞ்ஜிமா எங்கள் ஊரான ஷர்-உஸ்ஸை விட்டுப் போனது மே மாதம் பதினொன்றாம் தேதி. அன்று காற்றே இல்லை. அந்த வசந்தத்தில் அப்படி ஒரு நாள் வந்ததே அதிசயம். முகாமிலிருந்து ஏற்றி வந்த கூடாரக் கழிகளும் கம்பளிச் சுருள்களும் லாரியில் இருந்தன. ஆறு வயது மகள் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உலர்ந்த தயிர்க்கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். வானிலை நிலையத்தின் வாசலில் என் பெரியம்மா செவெல்மா ஒரு கிண்ணம் பாலோடு நின்றாள். தூரம் போகிறவர்களின் வண்டிக்குப் பின்னால் பால் தெளிப்பது எங்கள் வழக்கம்.

யாஞ்ஜிமா படியில் கால் வைத்தபடி திரும்பிப் பார்த்தாள். "பாலை வீணாக்காதீங்க" என்றாள்.

லாரி குன்றைத் தாண்டும்வரை பெரியம்மா காத்திருந்தாள். அதற்குப் பிறகு தெளித்தாள்.

யாஞ்ஜிமா பெரியம்மாவின் தம்பி சம்தனின் மனைவி. சம்தன் இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நிலையத்தில் பெரியம்மாவோடு இருந்தேன். நடந்ததில் பாதியை நேரில் பார்த்தவள் நான்.

பெரியம்மா பதினெட்டு வயதில் அந்த நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போய், நாலு கால் வைத்த வெள்ளைப் பெட்டியைத் திறந்து வெப்பமானியைப் பார்ப்பாள். காற்று எந்தத் திசை, என்ன வேகம், வானத்தில் பத்தில் எத்தனை பங்கு மேகம் என்று குறித்து மாகாணத் தலைநகருக்குச் சொல்வாள். கைக்கடிகாரத்தை நான்கு நிமிடம் முன்னால் வைத்திருப்பாள். ஒரு அளவும் தாமதமானதில்லை. தலைநகரிலிருந்து முன்னறிவிப்பு வரும். கூப்பிடும் மேய்ப்பர்களுக்கு அதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் வாசிப்பாள். சொந்தமாக எதுவும் சொல்ல அவளுக்கு அனுமதி கிடையாது. முன்னறிவிப்போ மாகாணம் முழுவதற்கும் ஒன்றுதான். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு லாரியில் போக ஒரு பகல் ஆகும்.

"அக்கா, 'சில இடங்களில் லேசான பனி'ன்னு தினமும் வாசிக்கிறீங்களே, அந்தச் சில இடம் எங்கதான் இருக்கு?" என்று ஒட்டகக்காரர் லுப்சான் கேட்பார்.

"உன் மாமியார் வீட்டுல."

"அங்க வருஷம் பூரா பனிதான். அதுக்கு எதுக்கு சர்க்கார் சம்பளம்?"

குளிர்காலத்தில் இப்படிக் கூப்பிட்டு வம்பிழுப்பவர்கள், வசந்தம் வந்தால் மாறிவிடுவார்கள். குளிர்காலத்துக்குக் கணக்கு இருக்கிறது. ஒன்பது ஒன்பது நாட்களாக எண்பத்தோரு நாள். ஏழாவது ஒன்பதில் குன்றுகளின் தலை தெரியும், எட்டாவதில் மண் நனையும், ஒன்பதாவதில் வெயில் ஏறும். அதோடு கணக்கு முடிந்துவிடும். பிறகு காலையில் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் போன ஆள் மாலையில் மீசையில் பனிக்கட்டியோடு திரும்புவான். அதே வாரங்களில்தான் வெள்ளாடுகளின் நல்ல விலைக்குப் போகும் உள்மயிர் தளரும். ஆட்டைக் கட்டிப்போட்டு இரும்புச் சீப்பால் சீவி எடுக்க வேண்டும். தாமதித்தால் மயிர் முட்செடிக்குப் போகும். முந்திக்கொண்டு சீவிவிட்டால், பின்னால் ஒரு பனிப்புயல் வந்து, சட்டையில்லாத ஆடுகள் நின்ற இடத்திலேயே விறைக்கும். அதனால் ஏப்ரலில் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "அக்கா, சீவலாமா?"

"வாசிக்கிறேன், கேட்டுக்கோ" என்பாள் பெரியம்மா.

சட்டத்தில் இல்லாத ஒரு காரியத்தை அவள் தனக்காகச் செய்துகொண்டிருந்தாள். சம்தனின் முகாம் எங்களுக்கு வடமேற்கே நாற்பத்தைந்து கிலோமீட்டர். மோசமான வானிலை எதுவும் முதலில் அவனைத் தொட்டுவிட்டு, மூன்று மணி நேரம் கழித்துத்தான் எங்களிடம் வரும். வசந்தம் முழுக்க எட்டு மணி அளவை எடுக்கப் போகுமுன் அவனைக் கூப்பிட்டுப் பேசுவாள்.

ஏப்ரல் நாலாம் தேதியும் கூப்பிட்டாள். நான் உப்புத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கி வைத்துப் பேசுவது அவள் பழக்கம்.

"தம்பி, வசந்தம் நல்லபடியா கழியுதா?"

"நல்லபடியா கழியுதுக்கா. ஆடெல்லாம் சுகம். உங்க பக்கம் எப்படி?"

"சுகம்டா. வாயில என்ன?"

"உங்க தம்பி பொண்டாட்டி சுட்ட ரொட்டி. பல்லு இருக்கிறவரைக்கும் தின்னுக்கிறேன்."

"குடுத்து வச்சவன். சரி, எனக்கு எட்டாகுது" என்று சிரித்துக்கொண்டே வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் முதல் கேள்விக்குக் கெட்ட பதில் சொல்ல மாட்டோம். வாய்ச்சொல் பலித்துவிடும். மந்தையில் பாதி செத்துக் கிடந்தாலும் நலம் என்றுதான் சொல்லியாக வேண்டும். தேநீர் குடித்து, மூக்குப்பொடிக் குப்பி கை மாறி, இரண்டாவது முறை கேட்கும்போதுதான் உள்ளது வெளியே வரும். பெரியம்மா தினமும் இரண்டாவதாக, "வானம் எப்படி இருக்கு?" என்று கேட்பாள். அன்று கேட்கவில்லை. கடிகாரத்தில் எட்டு. உண்மையில் அப்போது இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். மேற்குக் காற்று, வினாடிக்கு ஆறு மீட்டர். மேகம் பத்தில் இரண்டு பங்கு. வந்த முன்னறிவிப்பில் மாகாணத்தில் சில இடங்களில் லேசான பனி என்று இருந்தது. அதைப் பதினோரு பேருக்கு வாசித்தாள்.

சம்தன் அதற்கு முந்திய இரண்டு நாட்களில் இருநூறு ஆடுகளையும் சீவி முடித்திருந்தான். அது எங்களுக்குத் தெரியாது. எட்டு மணிக்கு ஆடுகள் பட்டியில்தான் இருந்தன. ஒன்பதுக்குத் திறந்துவிட்டான். பத்துக்குள் புயல் அங்கே இறங்கியது. பனியும் மணலும் சேர்ந்து அடித்தால் ஆடு எதிர்த்து நடக்காது. காற்று தள்ளும் பக்கம் போகும். மேய்ப்பவன் ஆட்டை விடமாட்டான், அவனும் போவான். மூன்றாம் நாள் முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு வறண்ட ஓடைக்குள் அவனைக் கண்டுபிடித்தார்கள். சுற்றிலும் ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. குதிரை மட்டும் உயிரோடு நின்றது.

பெரியம்மா கூடாரத்துக்குள் நுழைந்தபோது யாஞ்ஜிமா அழவில்லை. "அக்கா, அன்னைக்குக் காலையில போன் பண்ணீங்களே" என்றாள். பிறகு லாரி ஏறும் நாள்வரை அவளிடம் பேசவேயில்லை.

நான் அந்த இலையுதிர்காலத்தில் கிளம்பிப் போனேன். கொரியாவில் மீன் ஆலை, துருக்கியில் தையற்கடை, பிறகு போலந்து என்று எட்டு வருடம். எந்த ஊரிலும் ஒரு வருடத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. போன குளிர்காலத்தில் திரும்பி வந்தபோது, பெரியம்மாவைப் பற்றி ஊர் பேசுவதைக் கேட்டேன். அவள் இப்போதெல்லாம் நலம் விசாரிப்பதில்லையாம்.

அது பொய்யில்லை. மார்ச் பிறந்ததும், காலை ஏழு மணிக்கே மேற்குப் பக்கத்துப் பன்னிரண்டு குடும்பங்களையும் வரிசையாகக் கூப்பிடத் தொடங்கினாள். எடுத்ததும், "எத்தனை ஆடு சீவின? எத்தனை செத்துச்சு? மேற்க பாத்து வானத்தைச் சொல்லு" என்பாள்.

"காலங்காத்தால என்னக்கா இது, வாயைக் கழுவிட்டுப் பேசக்கூடாதா?" என்று லுப்சான் கத்தினார். "என் வீட்டுல கொழந்த இருக்கு."

"வாயை அப்புறம் கழுவிக்கிறேன். நீ வெளிய போய்ப் பாரு."

சிலர் அவள் எண்ணைப் பார்த்ததும் எடுக்காமல் விட்டார்கள். அபசகுன அக்கா என்று பெயர் வைத்தார்கள். அவள் விடவில்லை, எடுக்காதவர்களின் பக்கத்துக் கூடாரத்தைக் கூப்பிட்டாள். ஏன் கேட்கிறாள் என்பதையும் யாரிடமும் விளக்கவில்லை.

நாட்டின் தலைநகரில் குடியேறிய யாஞ்ஜிமாவுக்கு முதல் இரண்டு வருடம் வெண்மாதப் புத்தாண்டுப் பண்டிகைக்கு முன்னால் ஒரு பெட்டி தயிர்க்கட்டி அனுப்பியிருக்கிறாள். பஸ் டிரைவர் இரண்டு முறையும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். "தலைநகரத்துல எல்லாம் கிடைக்குதாம்" என்றாராம். மூன்றாவது வருடம் அனுப்பவில்லை.

ஒருநாள் நான் பதிவேடுகளை அடுக்கியபோது, ஒன்பது வருடத்துக்கு முந்தையது தானாகவே ஒரு பக்கத்தில் விரிந்தது. அந்த இடத்தில் தையல் தளர்ந்திருந்தது. ஏப்ரல் நாலு, காலை எட்டு. எல்லா எண்களும் சரி.

"எதுக்கு பெரியம்மா இதையே பாக்குறீங்க?"

"இதுல இல்லாததைத்தான் பாக்குறேன்." அடுப்பில் காய்ந்த சாணத்தைத் தள்ளினாள். "ரெண்டாவது தடவ கேட்டிருந்தா அவன் சொல்லியிருப்பானா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும். சொல்லியிருக்க மாட்டான்னா நான் தூங்கிடுவேன்."

"சொல்லியிருப்பார்னா?"

"அதுவும் தெரியணும்டி. தெரிஞ்சவ அவ ஒருத்திதான். அவ சொல்ல மாட்டா."

யாஞ்ஜிமாவைக் கூப்பிட்டுக் கேட்கலாமே என்றேன். கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்றாள்.

இந்த ஏப்ரலில், பெரியம்மா ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது, என் கைபேசிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. நான் திரும்பி வந்ததை யாரோ தலைநகரில் சொல்லி, எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். பதினொரு மணி அளவை எடுத்துவிட்டுப் பெரியம்மா அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள். யாருடையது என்று சொன்னேன். கையுறையைக் கழற்றாமலே ஸ்டூலில் உட்கார்ந்து, "போடு" என்றாள்.

"செவெல்மா அக்கா, நான் யாஞ்ஜிமா. பொண்ணு ஒன்பதாம் வகுப்பு முடிக்கப்போறா. அப்பா எப்படிச் செத்தாருன்னு கேட்டா. சொல்லிக்கிட்டே வரும்போது ஒரு இடத்துல பொய் சொன்னேன், அது எனக்கே கேட்டுச்சு. அதான் உங்களுக்குச் சொல்றேன். அன்னைக்கு நீங்க போனை வச்சதும், ஆட்டைச் சீவினதை ஏன் அக்காகிட்ட சொல்லலன்னு அவரைக் கேட்டேன். அக்கா வானத்தைக் கேக்கவே இல்லையே, பதினொண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லிக்கலாம்னாரு. மேற்க அப்பவே மஞ்சளாத்தான் இருந்துச்சு. ரெண்டு பேரும் பாத்தோம். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு அக்கா. அதை மறைக்க மாட்டேன். ஆனா ஒன்பது மணிக்கு அவர் பட்டியைத் திறக்கப் போனபோது போன் என் மடியிலதான் இருந்துச்சு. உங்க நம்பர் எனக்கு மனப்பாடம். அபசகுனமா முதல்ல நான் ஏன் வாயத் திறக்கணும்னு உக்காந்திருந்தேன். இத்தனை வருஷமா உங்க மேல கோவமா இருந்தேன். இல்லாட்டி என் மேலயே கோவப்பட வேண்டியிருந்திருக்கும். பதில் எதுவும் அனுப்ப வேண்டாம். சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்."