கிச்சன் அக்கா, செங்கம் ரோடு

அந்த ஆள் தன் செல்போனை மேசைமேல் வைத்து என் பக்கமாகத் திருப்பினான். திரையில் ஒரு போன் நம்பர், அதற்கு மேலே 'கிச்சன் அக்கா செங்கம் ரோடு' என்று இருந்தது. நான் என் போனில் தட்டி வைத்திருந்த பெயர் அது. முன்பின் பார்த்தறியாத ஒருவனின் போனில் அது எப்படி வந்தது?

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் எனக்கு வரவேற்பு வேலை. அக்கா அங்கே சமைத்துக்கொண்டிருந்தாள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஊரில் இருந்து, புருஷனிடம் அடி தாங்காமல், கட்டிய புடவையோடு வந்தவள். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. கேட்டால், "என் வூட்டுக்காரரு ஆசையா புடிச்ச கை" என்று சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. இவ்வளவு பக்கத்தில் ஏன் இருக்கிறாய், சென்னைக்குப் போய்விடேன் என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். "பொண்ணு அங்க இருக்குதே" என்பாள்.

அந்தச் சின்னப் பெண் அக்காவின் மாமியார் வீட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனின் போனைப் பிள்ளைதான் வைத்து விளையாடும் என்று அக்காவுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துக் கூப்பிடுவாள். பேசமாட்டாள். அந்தப் பக்கம் "அலோ, யாருங்க?" என்று பிள்ளை இரண்டு முறை கேட்கும். அவ்வளவுதான், வைத்துவிடுவாள். பிறகு வாரம் முழுக்க அந்தக் குரலைப் பற்றியே பேசுவாள். "சளி புடிச்சிருக்குது போல, தொண்ட கட்டியிருக்குது கண்ணு" என்பாள்.

பௌர்ணமி கிரிவலம் நெருங்கினால் ரூம் கேட்டு போன் ஓயாது. பேசுவது யார், எந்த ஊர் என்று ஒன்றும் விளங்காது. கூப்பிடுகிறவரின் பெயரைக் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளும்படி முதலாளி சொன்னார். போட்டேன். அது என்னென்னவோ அனுமதி கேட்டது. யார் படித்தார்கள்? எல்லாவற்றுக்கும் சரி என்று அமுக்கினேன். என் போனில் இருந்த பெயர்களையெல்லாம் அது வாரிக்கொண்டு போய், அதே ஆப்பைப் போட்டிருக்கும் ஊருக்கே பந்தி வைக்கும் என்று அப்போது தெரியாது.

நம் ஊரில் போனில் வெறும் பெயரை யார் பதிகிறார்கள்? பால்கார அண்ணன், பிளம்பர் போளூர் ரோடு, இப்படித்தான். அக்கா வந்த முதல் நாளே, "என் பேர எங்கியும் எழுதாத கண்ணு" என்று கெஞ்சியிருந்தாள். அதனால் பெயரை விட்டுவிட்டு, வேலையையும் தெருவையும் போட்டேன். அவளை ஒளித்துவைத்துவிட்டதாகப் பெருமை வேறு. மட சாம்பிராணி! அவள் பெயர் கட்டின புருஷனுக்குத் தெரியாதா என்ன? தெரியாமல் இருந்தது இடம் ஒன்றுதானே.

மேசைமுன் நின்ற அவன் கத்தவில்லை, மிரட்டவில்லை. "வாரா வாரம் போன் வருது, பேச மாட்டேங்கிறாங்க. எவனோ வெளையாடுறான்னு இருந்தேன். போன வாரந்தான் இந்த ஆப்ப போட்டேன், பேரு காட்டுது. மூணு லாட்ஜ் பாத்துட்டு வரேம்மா" என்றான். "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்று துணிந்து சொன்னேன். ஆனால் வெளியே பைக்கில் பிள்ளையை உட்காரவைத்திருந்தான், பாவி. காய்கறிக் கூடையோடு தெருவில் இருந்து வந்த அக்காவைப் பிள்ளை பார்த்துவிட்டது. அது "அம்மா" என்று கத்திய கத்தலில் கூடை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

போலீசுக்குப் போகலாம் என்று சமையல்கட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "நான் போவலன்னா இனிமே பாப்பாவ கண்ணுலயே காட்டமாட்டானாம்" என்றாள். துணிகளைப் பையில் திணித்தபடியே, "நீ எதனா சொன்னியா கண்ணு?" என்று கேட்டாள். "சத்தியமா நான் வாயத் தொறக்கலக்கா" என்றேன். பொய் இல்லைதான். அவள் என் கன்னத்தைத் தொட்டு, "எனக்குத் தெரியாதா? புது நம்பர் வாங்குனா உனக்கு மட்டும்தான் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய் பைக்கில் ஏறினாள்.

மறுநாளே அவள் போன் அணைந்துவிட்டது. ஆப்பை அழித்துத் தொலைத்தேன், அழித்து என்ன பயன்? இன்றும் தெரியாத எண் எது வந்தாலும் ஓடிப்போய் எடுக்கிறேன். "மேடம், வேங்கிக்கால்ல நல்ல பிளாட் இருக்கு" என்று எவனோ என் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கிறான். அக்கா இதுவரை கூப்பிடவில்லை. இனியும் கூப்பிடமாட்டாள். எப்படிக் கண்டுபிடித்தேன் பார் என்ற பெருமைக்காகவாவது அந்தத் திரையை அவளிடம் அவன் காட்டாமலா இருந்திருப்பான்? விடுதியில் எல்லோருக்கும் அவள் சமையல்காரம்மா. கிச்சன் அக்கா என்று கூப்பிட்டவள் நான் ஒருத்திதான்.