வரதன் சாரின் நான்கு வைஃபை பெட்டிகள்

லால்குடியிலிருந்து வரும் காலை ரயில் ஸ்ரீரங்கத்தில் நின்றபோதுதான் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். வரதன் சார் போய்விட்டார். திருச்சிக்குப் போகவேண்டியவள் அங்கேயே இறங்கிவிட்டேன். அவர் வீடு ஸ்ரீரங்கத்தில்தான்.

எங்கள் கல்லூரியில் இணைய இணைப்புகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். நான் ஆன்லைன் தேர்வுகளுக்குப் பொறுப்பு. ஒரே அரங்கில் நூறு பிள்ளைகள் லேப்டாப்பைத் திறந்தால் வைஃபை படுத்துவிடும். பெரிய பெட்டியாக ஒன்று வாங்கலாம் என்றது நிர்வாகம். அவர் சின்னதாக நான்கு கேட்டார். அவற்றின் சிக்னலையும் குறைத்தே வைத்தார். “பந்தியில ஒரே ஆள் நூறு இலைக்குப் பரிமாற முடியுமா, மேடம்? நாலு பேர் வேணும். ஒருத்தர் வரிசையில இன்னொருத்தர் கையை நீட்டப்படாது, அவ்வளவுதான்.”

பெட்டியைச் சுவரில் மாட்டும்போது அவருக்குக் கோயில் பேச்சு வந்துவிடும். “இவரை இங்கே எழுந்தருளப் பண்ணலாமா?” என்று ஏணியில் நின்றபடி கேட்பார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் நான், “பண்ணுங்க சார், மாலை மட்டும் போட்டுடாதீங்க” என்பேன். சிரிப்பில் ஏணி ஆடும்.

காலி அரங்கில் சோதித்துப் பார்ப்பதை அவர் சோதனையாகவே மதிக்கமாட்டார். “ஆளில்லாத ஹால்ல எல்லாம் நன்னாத்தான் ஓடும்.” மதியச் சாப்பாடு முடித்து வரும் விடுதிப் பிள்ளைகளைப் பிடித்து வந்து உட்காரவைத்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் வீடியோ ஓடவிடச் சொல்வார். யார் முகம் சுளிக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே வரிசை வரிசையாக நடப்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு தேர்வைக் கெடுத்தார் என்ற பேச்சு மட்டும் ஒட்டிக்கொண்டது. இரங்கல் கூட்டத்தில்கூட ஒருவர், “ஒரே ஒரு தடவை சறுக்கிட்டாரு, பாவம்” என்றார். வரதன் சாரின் மகள் முன்வரிசையில் இருந்தாள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தாள். “அன்னிக்கு அப்பா என்ன தப்பு பண்ணினார், மேடம்? கேட்டா சிரிச்சுண்டே போயிடுவார்.”

அன்று தேர்வு தொடங்கிய கொஞ்ச நேரத்தில், சிக்னல் இரண்டு கோடுதான் காட்டுகிறது என்றாள் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி. அவளுக்குத் தேர்வு ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் வேறு கட்டடத்தில் இருந்தார். அவசரத்துக்கென்று அவர் தந்திருந்த பாஸ்வேர்டைப் போட்டு, நான்கு பெட்டிகளின் சிக்னலையும் முழுசாக ஏற்றிவிட்டேன். சிக்னல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள, எல்லாத் திரைகளும் நின்றுபோயின. பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். ஓடிவந்தவர் பார்த்ததுமே புரிந்துகொண்டார். மீண்டும் தொடங்க ஒரு மணி நேரம் ஆனது.

முதல்வர் கேட்டபோது, நான் வாயைத் திறக்குமுன் வரதன் சார், “நான்தான் மாத்தினேன், சார்” என்றார். அதனாலேயே, புதுக் கட்டடத்துக்கு இணைய இணைப்பு போடும் வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று பலமுறை அவர்முன் நின்றேன். “விடுங்கோ மேடம், பசங்க எழுதிட்டாளோல்லியோ” என்று அனுப்பிவைத்தார். நானும் அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். கோழைத்தனம்தான்.

“அப்பா ஒரு தப்பும் பண்ணலம்மா. நான்தான் பண்ணேன்” என்றேன்.

அவள், “இதை அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்கோ” என்றாள்.

போய்ச் சொன்னேன். கல்லூரியில் அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இப்போது எழுதிச் சொல்கிறேன். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது இத்தனை வருடம் அவர் சுமந்த அந்தப் பழியைத்தான். இனி அது என் பெயரில் இருக்கட்டும்.