மூளிக்காதும் மாமன் மடியும்

பள்ளிக்கூடத்தில் எனக்கு மூளிக்காது என்று பட்டப்பெயர். அத்தாவுக்கு ஜெகதாப்பட்டினத்தில் மீன் வியாபாரம். அம்மா பொன்னமராவதிப் பக்கம் விவசாய வீட்டுப் பெண். மதம் தாண்டிய காதல் கல்யாணம் என்பதால் அம்மாவை அவர் வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். ஆனாலும் அம்மாவுக்கு ஒரு பிடிவாதம். "எங்கண்ணன் கம்மலோட வரும். அது மடியில உக்கார வச்சுத்தான் எம்புள்ளைக்குக் காது குத்தணும்." அண்ணன் வரவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நாற்பது வயதிலும் நான் வெறுங்காதோடு திரிந்தேன். எல்லாம் வீம்புதான்.

பிறகு பொழுது சாய்ந்தால் கண் தெரியாமல் போக ஆரம்பித்தது. பக்கவாட்டில் வரும் ஆட்டோகூடத் தெரியவில்லை. கண் டாக்டர் என் ரத்தத்தைச் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒங்களுக்கு ரெண்டு வம்சம் கலந்திருக்கு. ஜீன்ல நெறைய மாற்றம் தெரியுது. ஒரு வம்சத்துல சாதாரணமா இருக்கறது இன்னொண்ணுல அபூர்வமா இருக்கும். கண்ணைக் கெடுத்தது எதுன்னு பிரிக்கணும்னா ரெண்டு பக்கத்து ரத்தமும் வேணும். அது தெரிஞ்சாத்தான் பார்வை எவ்வளவு நாள் தாங்கும்னு சொல்ல முடியும்."

அத்தா அன்றே சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டார். அம்மா பக்கம்? "செத்தாலும் அந்த வாசல்ல போய் நிக்க மாட்டேன்" என்று கத்தினேன். மறுநாள் காலை பொன்னமராவதி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் ரத்தம் ஒரு சாக்கு. அந்த வீட்டைப் பார்க்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஏக்கம்.

வாசலில் நின்று "மாமா" என்றேன். உள்ளே நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து, பட்டப்பகலில் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். பொழுது சாய்ந்தால் நானும் அப்படித்தான் நடப்பேன்.

"யாரு? எந்தங்கச்சி கொரலாட்டம்ல இருக்கு?"

யாரென்று சொன்னேன். அவர் கை என் முகத்தைத் தடவிக் காதில் வந்து நின்றது.

"என்னத்தா, மூளியா விட்டுருக்கே?"

"ஒங்க மடியிலதான் குத்தணும்னு சொல்லிட்டுப் போயிருச்சு அம்மா."

"ஊர் வாய்க்குப் பயந்தே இருந்துட்டேன், தாயி" என்று சொல்லி விம்மினார். அந்த வாரமே ரத்தம் கொடுத்தார்.

முடிவு வந்தது. எனக்கும் மாமாவுக்கும் ஒரே மாற்றம். அம்மா வழியில் வந்தது. பார்வை மெல்ல மெல்லப் போய்விடும் என்றார் டாக்டர். மாமா போனில் அழுதார். "தாய்மாமன் சீருன்னு ஒனக்கு இதத்தான் குடுத்தேனா?"

எனக்குக் கோபம் வரவில்லை. அவசரம்தான் வந்தது.

"அழுததெல்லாம் போதும், மாமா. வெரசாக் கம்மல எடுத்துட்டு வாங்க. போட்டுக்கிட்டுக் கண்ணாடியில நான் பாக்க வேணாமா?"