சித்தியும் டிரைவர் கோளாறும்

எனக்குப் பதினோரு வயது நடந்தபோது என் சித்தி வெளியே யாரிடம் பேசினாலும் நடுவில் நான் நிற்பேன். அம்மாவின் தங்கை அவள். நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள், பக்கத்து அறை வெடித்ததில் உயிர் தப்பினாள். காது இரண்டும் தப்பவில்லை. பேச்சு இருந்தது. ஆனால் தன் குரல் எவ்வளவு உரக்கப் போகிறது என்று தெரியாததால் வெளியாட்கள் முன்னால் வாயைத் திறக்கமாட்டாள். கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போனால் என்னைக் கூட்டிப்போவாள். போனதும் நான் அறிவித்துவிடுவேன், சித்திக்குக் காது கேட்காது, எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள் என்று. அவர்கள் சொல்வதை நான் சித்தி பக்கம் திரும்பி, உதட்டை மெதுவாக அசைத்துச் சொல்வேன். புரியவில்லையென்றால் அவள் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவேன். பெரியவர்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பேசியது எனக்கு ஒரு பதவி மாதிரி இருந்தது.

கம்பெனியை விட்ட பிறகு சித்தி கம்ப்யூட்டரில் படம் வரையப் பழகினாள். சித்தப்பா லாரி டிரைவர். பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வரப் பல நாளாகும். ஒரு பிரஸ்ஸில் கழித்துப்போட்ட லேப்டாப்பை அவர்தான் வாங்கிவந்தார். அதில் இருந்தது எல்லார் வீட்டிலும் இருக்கிற சிஸ்டம் இல்லை, லினக்ஸ் என்று ஒன்று. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், பிரித்துத் திருத்தவும் செய்யலாம் என்று பிரஸ்ஸில் சொல்லிக் கொடுத்துவிட்டார்களாம். படம் வரைகிற மென்பொருளும் அப்படித்தான். கீழே எழுத்து ஓடுகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே சித்தி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள்.

முதலில் பிரஸ்காரர்கள் அவளுக்குக் கொடுத்ததெல்லாம் சில்லறை வேலை. லேபிளில் பழைய விலையை அழித்துப் புது விலை போடுவது, ஒரு கம்பெனி பேரை எடுத்து இன்னொன்றை வைப்பது. அந்த வருடம் ஆடியில்தான், சீசன் சூடுபிடித்த நேரம், ஒரு புஸ்வாணப் பெட்டிக்கு முழுப் படத்தையும் அவளையே வரையச் சொன்னார்கள். சித்தி ஒரு மயில் வரைந்தாள். தோகையின் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் பொறி தெறிக்கும். திங்கட்கிழமை காலையில் படம் பிரஸ்ஸுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் போன வருடத்துப் படத்தையே அடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு இன்னொரு முழுப் படத்தை நம்பிக் கொடுப்பார்களா என்பது சந்தேகம்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் தோகையில் கொஞ்சம்தான் பாக்கி. அப்போது லேப்டாப் ஏதோ அப்டேட் வந்திருக்கிறது, போடவா என்று கேட்டது. சித்தி சரி என்று அழுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்தால் லேப்டாப் கம்பெனியின் முத்திரை ஒரு கணம் வந்தது, போனது. பிறகு கறுப்பு. உள்ளே காற்றாடி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டாள், மறுபடி அணைத்துப் போட்டாள். மயில் அந்தக் கறுப்புக்குள்ளே எங்கேயோ இருந்தது.

லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் பஸ் ஏறினோம். தெரிந்த கடை ஒன்றுதான் திறந்திருந்தது. நல்ல மனிதர் அந்தக் கடை அண்ணாச்சி. திருப்பிப் பார்த்து, எதையோ அழுத்திப் பார்த்து, என்னிடம் திரும்பினார்.

"பாப்பா, கிராபிக்ஸ் டிரைவருல கோளாறுன்னு நெனைக்கேன். சித்திட்ட சொல்லு."

டிரைவர் என்றால் எனக்குத் தெரிந்தது லாரி ஓட்டுபவர்தான். முன்னால் இருந்த சொல் பிடிபடாததால் அதை விட்டுவிட்டு, சித்தியின் உள்ளங்கையில் 'டிரைவருக்கு ஏதோ ஆயிருச்சாம்' என்று எழுதிவிட்டேன்.

சித்தியின் முகம் வெளுத்துப்போனது. பட்டாசு லோடோடு போன மனிதரைப் பற்றி இப்படி ஒரு சேதி வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடைக்குள் இருக்கிறோம் என்பதையே மறந்து, அவளுக்கே தெரியாத உரத்த குரலில், "எங்கன வச்சு? எங்கன வச்சு?" என்று கேட்டாள். அண்ணாச்சி பதறி எழுந்துவிட்டார். சித்தப்பாவுக்கு என்ன ஆச்சு என்று நான் அழ ஆரம்பித்தேன். கடைசியில் அவர்தான் ஒரு அட்டையைக் கிழித்து, 'லாரி டிரைவர் இல்லை. லேப்டாப்புக்குள் திரையை ஓட்டுகிற டிரைவர்' என்று எழுதி நீட்டினார். சித்தி படித்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் தோள் குலுங்கினாள். அண்ணாச்சி எங்கள் இருவருக்கும் டீ வரவழைத்தார்.

அதற்குமேல் அவர் சித்தியோடு அட்டையில்தான் பேசினார். இந்தச் சிஸ்டம் தனக்குப் பழக்கமில்லை, எடுத்துவிட்டு வேறு போட்டுத் தரலாம், ஆனால் உள்ளே இருக்கிற படம் தப்புமா என்று உறுதி சொல்லமாட்டேன் என்று எழுதினார். பிறகு யோசித்துவிட்டு, இதைப் பயன்படுத்துபவர்கள் கூடுகிற ஒரு வலைத்தளம் இருக்கிறது, அதில் எழுதிக் கேட்டால் யாராவது வழி சொல்லுவார்கள் என்று அதன் பெயரையும் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் அதை எழுதாமல் விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சித்தி போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிளஸ் டூ வரை படித்தவள். தமிழில் எழுதி, போனிலேயே ஆங்கிலமாக்கி, கறுப்புத் திரையையும் படம் எடுத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. எந்த ஊர், எந்த நாடு என்று தெரியாது, ஆணா பெண்ணா என்றும் தெரியாது. பேருக்குப் பதில் ஒரு பூனையின் படம் இருந்தது.

லேப்டாப்பைப் போடும்போது ஒரு விசையை அழுத்திக்கொண்டே இருங்கள், ஒரு பட்டியல் வரும், அதில் இந்த வரியின் கடைசியில் இந்தச் சொல்லைச் சேருங்கள் என்று எழுதியிருந்தது. சித்தி செய்தாள். மறுபடியும் கறுப்பு. அவள் முகம் வாடிவிட்டது. நான் அவள் கையைப் பிடித்து, கடைக்கே போவோம் என்று எழுதினேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மாற்றிய வரியைப் படமெடுத்து அனுப்பினாள். உடனே பதில்: சொல் சரி, அதற்கு முன்னால் ஒரு இடைவெளி விட வேண்டும், இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஒட்டியிருந்ததைப் பிரித்துவிட்டுப் போட்டாள். திரை வந்தது. எழுத்தும் படமும் பூதக்கண்ணாடி வைத்த மாதிரி பெருத்துப்போய், நிறமெல்லாம் சோகையாக, ஆனால் வந்தது. நான் குதித்தேன். அதோடு முடியவில்லை என்று பூனை எழுதியது. அப்டேட்டில் வந்த புது டிரைவர் இந்தப் பழைய லேப்டாப்பின் கிராபிக்ஸ் கார்டைக் கைவிட்டுவிட்டதாம். அதை முழுக்க எடுத்துவிட்டு, பழைய கார்டுக்கென்றே வைத்திருக்கிற முந்தைய டிரைவரைப் போட வேண்டும். ஒவ்வொரு கட்டளையாக வந்தது. சித்தி போனிலிருந்தே லேப்டாப்புக்கு நெட் கொடுத்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தாள். ஒவ்வொன்றுக்கும் திரையில் என்ன வந்தது என்று படம் போனது. பூனை அவசரப்படவில்லை. ஒரே கேள்வியை சித்தி திரும்பக் கேட்டபோதும் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தது.

எனக்கு அங்கே வேலையே இல்லை. வறுத்த கடலையை உரித்துத் தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக அணைத்துப் போட்டபோது முத்திரை வந்தது, கறுப்பு வந்தது, அந்தக் கறுப்பு கொஞ்சம் நீண்டது. சித்தி என் முழங்காலை இறுக்கிப் பிடித்தாள். பிறகு திரை பளிச்சென்று விரிந்தது. கோப்பைத் திறந்தாள். மயில் எல்லாப் பொறியோடும் நின்றது.

சித்தி நன்றி எழுதினாள். நீங்கள் ஒவ்வொரு முறையும் படமெடுத்து அனுப்பியதால்தான் கண்டுபிடிக்க முடிந்தது, நன்றாக வேலை செய்தீர்கள் என்று பதில் வந்தது. எனக்கு ஒரு குறை இருந்தது. அவ்வளவு நேரம் பேசியும் சித்தி தன்னைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. காது கேட்காது என்று ஏன் சொல்லவில்லை என்று அவள் கையில் எழுதினேன்.

"அவுக அதக் கேக்கவே இல்லையே," என்றாள் சித்தி.

சொல்லியிருந்தால் இன்னும் இரக்கப்பட்டுச் சீக்கிரம் உதவியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

மயிலில் மீதி வேலை இருந்தது. வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. சித்தியோ போனை வைக்கவில்லை. அதே பக்கத்தில் கீழே வேறொருவர், அதே அப்டேட்டுக்குப் பிறகு தன் திரையும் கறுத்துவிட்டது என்று எழுதியிருந்தார். யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை. சித்தி எழுத ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் கையை இழுத்து 'மயில்' என்று எழுதினேன்.

அவள் என் விரலோடு சேர்த்துக் கையை மூடிக்கொண்டாள். "இரு ஆத்தா. அங்கன ஒரு ஆளு இருட்டுல நிக்காக."

முன்னால் தான் சொல் சேர்த்த வரியின் படத்தைப் போட்டு, இடைவெளி வரவேண்டிய இடத்தில் ஒரு அம்புக்குறியும் வைத்தாள். அதற்குப் பிறகுதான் தோகையை முடித்தாள். மறுநாள் காலையில் படம் பிரஸ்ஸுக்குப் போனது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் தெருக் கடையிலேயே மயில் பெட்டியைப் பார்த்தேன். அடுத்த சீசனுக்கு அவளுக்கு வந்ததெல்லாம் முழுப் படங்கள்தான். முகம் தெரியாத அந்தப் பூனைக்கும், அட்டை கிழித்து எழுதிய அண்ணாச்சிக்கும் என் மனசுக்குள் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் எனக்கு அதிகம் நினைவிலிருப்பது, படம் பிரஸ்ஸுக்குப் போன அன்றைக்கு மத்தியானம். அந்த முன்பின் தெரியாத ஆளிடமிருந்து பதில் வந்தது. நீங்கள் சொன்னபடியே செய்தேன், திரை வந்துவிட்டது என்று ஒரே வரி. வெடி விபத்துக்குப் பிறகு எல்லாரும் சித்திக்குச் சொன்னார்கள், சித்திக்காகச் சொன்னார்கள். அவள் சொல்லி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போது அது எனக்கு எங்கே புரிந்தது? மயில்தான் பிரஸ்ஸுக்குப் போய்விட்டதே, யாரோ ஒருவருடைய திரை வந்ததற்கு இவள் ஏன் சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் போனையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.